சந்திரன் யாரிடமும் சொல்லவில்லை: ‘அகல் விளக்கு’ நாவலை ஐந்தாம் படிவத்தில் வாசித்தல்

மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ நாவலைப் பற்றி நம் மாணவர்களிடம் கேட்டால் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். சந்திரன் அழகன், அறிவாளி, ஆனால் மனத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன், கெட்டுப்போனான். வேலய்யன் சராசரி மாணவன், ஆனால் ஒழுக்கமானவன், முன்னேறினான். இதோடு ஒரு குறள், ஒரு பழமொழி. கட்டுரை முடிந்தது. நானும் பல வருஷமாக இந்தப் பதிலுக்குத்தான் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்படிச் சரி போடக் கை வரவில்லை. காரணம் ஒரு மாணவன். கிள்ளானில் என்னிடம் தமிழ் படித்தவன். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. விடாமுயற்சி பற்றி அவன் எழுதிய கட்டுரையை நகலெடுத்து, அடுத்தடுத்து மூன்று வகுப்புகளுக்கு மாதிரியாகக் கொடுத்தேன். வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துப் போனான். இரண்டாம் தவணையில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். நாலு மாதம் வீட்டுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனைப் பார்த்தேன். மேசை துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏன்ப்பா, என்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உங்ககிட்ட எப்படி சார் சொல்றது? என் கட்டுரையத்தானே எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தீங்க.”

வீட்டுக்கு வந்து ‘அகல் விளக்கை’ மறுபடி எடுத்தேன். 1958இல் வந்த நாவல். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கதை தெரியாத மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருங்காஞ்சி என்ற சிற்றூரிலிருந்து உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காக வாலாசாவுக்கு வருகிறான் சந்திரன். அங்கே வேலய்யனுக்கு நண்பனாகிறான். பிறகு சென்னையில் கல்லூரி. இமாவதி என்ற பெண் அவனோடு கள்ளமில்லாமல் பழகுகிறாள். அவன் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அது இல்லை என்று தெரிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டு, யாரிடமும் சொல்லாமல் மறைந்துபோகிறான். அப்புறம் சரிவுதான். கடைசியில் தொழுநோய், மரணம். இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் வேலய்யன்.

வேலய்யன் சொல்கிறான் என்பதை நாம் வகுப்பில் கவனிப்பதே இல்லை. கரை சேர்ந்தவன் முழுகிப்போனவனைப் பற்றிச் சொல்லும் கதை இது. வேலய்யன் பொய்யன் இல்லை, நண்பன்மேல் உண்மையான பாசம் உள்ளவன்தான். ஆனால் சென்னையில் சந்திரனின் மனத்துக்குள் என்ன நடந்தது என்பது அவனுக்கே பின்னால்தான் தெரிகிறது. அவனுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் சந்திரன் தொலைகிறான். நாமோ அந்த இடத்தை ‘ஒழுக்கமின்மை’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டுப் புள்ளி போடுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு பையன்களும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கவில்லை. வேலய்யனுக்கு வாலாசா சொந்த ஊர். பள்ளி முடியும்வரை அம்மா கையால் சாப்பிட்டவன். அவன் ஒருமுறைதான் இடம் பெயர்கிறான். சந்திரன் பெயர்வது இரண்டு முறை: கிராமத்திலிருந்து சிறுநகரம், அங்கிருந்து பெருநகரம். வாலாசாவில் அவனைப் பாசத்தோடு பார்த்துக்கொள்ள அண்டை அயலார் இருந்தார்கள், தப்புச் செய்தால் யார் கண்ணிலாவது படும். சென்னையில் அந்தக் கண்கள் இல்லை. அதுவரை படிப்பில் தோற்றே பழகாதவன் வேறு.

நம் பிள்ளைகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி. பிறகு மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளி. சிலருக்கு இடையில் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு. அப்புறம் கல்லூரியில் பாடநூலும் விரிவுரையும் பெரும்பாலும் ஆங்கிலம். பதினெட்டு வயதுக்குள் மூன்று மொழிகளில் படிக்கக் கற்றுக்கொள்கிறவன் நம் மாணவன். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்ச நாள் அவன் வகுப்பிலேயே மந்தமானவனாகத் தெரிவான். இது இயல்பு என்று அவனிடம் முன்கூட்டியே யார் சொல்கிறார்கள்? அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். விண்ணப்பப் பாரம் நிரப்பக் கூடவே உட்காருகிறோம். “முதல் தவணையில் புரியாது, பயப்படாதே, புரியலேன்னு வாய்விட்டுச் சொல்லு” என்று சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும் பாடவேளை இல்லை.

மு.வ. இதை அறியாதவர் அல்லர். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டார். தாமாகவே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம். கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். வேலய்யனின் பக்கம் அவர் சாய்வது ஏன் என்று இதிலிருந்து புரிகிறது. மெதுவாக, வளைந்து வளைந்து வந்தவர் அவர். அதே நேரம், பச்சையப்பன் கல்லூரியில் இருந்த காலத்தில் சிற்றூரிலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். சந்திரனை அவ்வளவு உயிரோடு எழுத முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நாவலின் பலம் அதன் பள்ளிப் பருவப் பகுதி. இரண்டு சிறுவர்களின் நட்பும், ஒருவன்மேல் ஒருவனுக்கு இருக்கும் மெல்லிய பொறாமையும், எளிய வாக்கியங்களில் அழகாக வந்திருக்கின்றன. இமாவதியை நாவல் குற்றவாளி ஆக்கவில்லை என்பதும் பெரிய விஷயம். ‘பொண்ணாலதான் கெட்டான்’ என்று எழுதும் மாணவர் நாவலைப் படிக்கவில்லை, யாரோ எழுதிய குறிப்பைத்தான் படித்திருக்கிறார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பாத்திரங்கள் பேசுவது பல இடங்களில் உரையாடலாக இல்லை, சொற்பொழிவாக இருக்கிறது. ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் ஒரு பக்கத்துக்கு விளக்குவார். மேற்கோள் தேடும் மாணவர்களுக்கு இது வசதி. கதைக்கு வசதி இல்லை.

அதைவிடப் பெரிய குறை தொழுநோய். ஒருவன் மனம் தடுமாறினான், அதனால் அவன் உடம்பு அழுகியது என்று வாசகர் முடிச்சுப் போடும்படி கதை போகிறது. அந்த நோய் ஒரு கிருமியால் வருவது, நடத்தையால் அல்ல. 1940களிலேயே அதற்கு சல்போன் மருந்துகள் வந்துவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை அப்படியே கடந்து போக நமக்கு உரிமை இல்லை. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு தப்பும் செய்யாமல் குடும்பத்தை விட்டுப் பிரிக்கப்பட்ட மனிதர்கள் வாழ்ந்த இடம் அது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று ஒரு மருத்துவக் கல்வி வளாகம் நிற்கிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் ஐந்தாம் படிவ மாணவர் சந்திரனின் முடிவை ‘தகுந்த தண்டனை’ என்று எழுதினால், தமிழ் ஆசிரியர் அங்கே நிறுத்திப் பேச வேண்டும். பாடத்திட்டம் முடியாது என்று சொல்லாதீர்கள், இருபது நிமிஷம் போதும்.

இந்தத் தண்டனைக் கண்ணோட்டம் நம் பேச்சிலும் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேசன் கிடைத்தால் வெற்றி. அது கிடைக்காமல் ஆறாம் படிவம் போனால் ‘பாவம்’. ஓர் ஆண்டில் முடிகிற மெட்ரிகுலேசன் சில பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஆனால் எஸ்.டி.பி.எம். மூன்று தவணையாக நடக்கிறது. ஒரு தவணையில் சறுக்கினால் திரும்ப எழுத வழி உண்டு. பல பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வரலாம், பழகிய ஆசிரியர்கள் கண்ணெதிரே இருப்பார்கள். சந்திரனைப் போன்ற பிள்ளைக்குத்தான் இந்த வழி அதிகம் தேவைப்படும். கெட்டிக்காரப் பிள்ளை என்பதாலேயே அவனை அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் தள்ளுகிறோம்.

போன தவணை ஐந்தாம் படிவ வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். சந்திரன் மறைந்துபோவதற்கு முதல்நாள் இரவு, யாருக்கு வேண்டுமானாலும் ஒரு கடிதம் எழுதுகிறான். அதை எழுதுங்கள் என்றேன். பெரும்பாலானோர் அனுப்புநர் முகவரி, நாள், விளிப்பு எல்லாம் சரியாகப் போட்டு, சந்திரன் தனக்குத்தானே அறிவுரை சொல்வது மாதிரி எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் முகவரியும் இல்லாமல் விளிப்பும் இல்லாமல் நாலே வரி எழுதியிருந்தாள்:

“எனக்கு இங்க பாடம் எதுவும் பிடிபடலே. பரீட்சைக்குப் போகப் பயமா இருக்கு. வீட்ல இன்னும் சொல்லலே. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

புள்ளித் திட்டப்படி பார்த்தால் அமைப்புக்குப் புள்ளி இல்லை, பேச்சு வழக்குக்கு வேறு குறைக்க வேண்டும். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

“இது சந்திரன் கதைதானேம்மா?”

“பாதி கதை, சார்” என்றாள்.

அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை.