பூசாத சுவரின் அழகு

ஒரு வீடு செங்கல் தெரியப் பூசாமல் நின்றால் தெருவே கணக்குப் போட்டுவிடும்: கையில் காசு தீர்ந்துவிட்டது. குடிவந்து பத்து வருஷம் ஆன பிறகும், "இன்னும் பூச்சு வேலை பாக்கி" என்று வீட்டுக்காரர் கூச்சத்தோடுதான் சொல்வார். அந்தக் கூச்சத்தையே ரசனையாக மாற்றிக் காட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் நிற்கிறது. செங்கல் நிறத்தில் ஓர் உருளை. உள்ளே மாடி என்று தனியாக எதுவும் இல்லை. சாய்தளம் ஒன்று நத்தைக் கூடுபோலச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அதன் ஓரமாக, வெளிச்சுவரை ஒட்டி, சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசைகளும் இருக்கைகளும். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுபவர்கள் தட்டை ஏந்தியபடி அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். ஜன்னலுக்குப் பதில் சுவரெங்கும் சின்னச் சின்னத் துளைகள். காலை வெயில் அவற்றின் வழியே நுழைந்து காபித் தம்ளர் மேலும் பீட்ரூட் கட்லெட் மேலும் கட்டம் கட்டமாக விழுகிறது. நெருக்கடியான சிறிய மனையில் இத்தனை பேரை உட்காரவைத்து, காற்றும் வெளிச்சமும் குறையாமல் பார்த்துக்கொண்ட அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஈடாக நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றையும் சொல்ல முடியாது.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களெல்லாம் ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை. மறுபடி இந்தியாவுக்கு வந்து, மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் பல வருஷங்கள் வாழ்ந்தார். கல்லும் மண்ணும் மரமுமாக மலைவாசிகள் கட்டிய வீடுகள்தான், கல்லூரியில் படித்துவிட்டு வந்த அவருக்கு இரண்டாவது கல்லூரி.

அவருடைய சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குவார்கள். பேக்கரின் கொத்தனார்கள் அதை ஓரத்தின் மேல் நிறுத்துவார்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் 3 அங்குல இடைவெளி. பிறகு இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கல். 'ராட் ட்ராப் பாண்ட்' என்று பெயர். எலிப்பொறிபோல உள்ளே வெற்றிடம். சுவர் அதே 9 அங்குல கனம்தான். ஆனால் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை எளிதில் அறைக்குள் விடாது. கல்லின் ஒழுங்கே கோலமாகிவிடுவதால் பூச்சு தேவைப்படவில்லை; சிமென்ட்டும் பெயின்ட்டும் கூலியும் மிச்சம்.

கூரையிலும் இதே கணக்குதான். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் போட்டார். அண்ணாந்து பார்த்தால் ஓடுகள் வரிசை வரிசையாகத் தெரியும்.

பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் 1971இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் பேக்கரின் ஆகப் பெரிய படைப்பு. அங்கே சுவர்கள் மரங்களுக்கு வழிவிட்டு வளைகின்றன. மனை என்றால் முதலில் பொக்லைனை இறக்கி மொட்டையடிக்கும் வழக்கத்துக்கு இதைவிட அழகான மறுப்பு இருக்க முடியாது.

சிமென்ட், கம்பி, செங்கல் ஒவ்வொன்றையும் உருவாக்க எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று, அதைப் பெரிதாக யாரும் கேட்காத காலத்திலேயே அவர் கேட்டார். செங்கல் சூளையும் விறகு தின்கிறது, வயல்மண்ணைத் தின்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் மண் வீட்டைப் பற்றிப் படங்கள் வரைந்து, யாரும் படிக்கிற மாதிரி சிறு நூல் எழுதினார். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007இல் காலமானார்.

இன்றைக்குப் பூசாத சுவர் ஒரு பாணி. வசதியுள்ளவர்கள் கான்கிரீட் சட்டம் எழுப்பி, சுவர் கட்டி, பூசி, அதன்மேல் செங்கல் போலத் தெரியும் கிளாடிங் டைல்ஸை ஒட்டுகிறார்கள். தோற்றம் வந்துவிட்டது, கணக்கு தொலைந்துவிட்டது. பேக்கர் அழகுக்காகச் செங்கல்லைத் திறந்து வைக்கவில்லை. தேவையில்லாததை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார். மிஞ்சி நின்றது அழகாக இருந்தது. ஒட்டுச் செங்கல்லில் அது வராது.

வீடு கட்டப்போகிறவர்கள் பொறியாளரிடம் வரைபடம் கேட்பதற்கு முன் ஒருமுறை தம்பானூர் போய்வர வேண்டும். இரண்டாவது சுற்றில் துளைச் சுவரோரம் உட்கார்ந்து ஒரு காபி சொல்லுங்கள். ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம்தான்.