மரத்தை மறந்த மருந்துக் கணக்கு

கொஞ்ச நாளாக ஒரு விஷயத்தைத் துருவிக்கொண்டிருக்கிறேன்: ஆப்பிள் தோட்டத்தில் எவ்வளவு மருந்து அடிக்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? நான் விவசாயி இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா எந்த எண்ணைப் பார்த்தாலும் "இதோட யூனிட் என்ன?" என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இங்கே சிக்கலே யூனிட்டில்தான் இருக்கிறது.

பல நாடுகளில் மருந்து லேபிளில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்றுதான் போட்டிருக்கும். கோதுமை வயலுக்கு அது சரி. பயிர் பாய் விரித்த மாதிரி இருக்கும்; தரை அளவு தெரிந்தால் போதும். ஆப்பிள் அப்படியில்லை. 6 மீட்டர் உயரப் பழைய மரங்களும் உண்டு, எம்.9 என்கிற குட்டை ரூட்ஸ்டாக்கில் ஒட்டுக்கட்டி, வேலி மாதிரி நெருக்கமாக நட்ட 3 மீட்டர் மரங்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே டோஸ் என்றால் ஒன்றில் மருந்து போதாமல் போகலாம், இன்னொன்றில் மிஞ்சியது காற்றோடும் மண்ணோடும் போகலாம்.

இதற்கு இரண்டு மாற்று ஃபார்முலாக்கள் பிரபலம். ஒன்று, மரவரிசைக் கனஅளவு. 1971-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பையர்ஸும் அவருடைய சகாக்களும் முன்வைத்தது. உயரம் × அகலம் × 10,000 ÷ வரிசை இடைவெளி. இன்னொன்று, ஐரோப்பாவில் மருந்துச் சோதனைகளுக்குப் பயன்படும் இலைச்சுவர்ப் பரப்பு. மரவரிசையை இரண்டு பக்கச் சுவராகப் பார்ப்பது: 2 × உயரம் × 10,000 ÷ வரிசை இடைவெளி.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். அளவுகள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை.

பழைய தோட்டம்: உயரம் 6 மீ, அகலம் 6 மீ, இடைவெளி 9 மீ. கனஅளவு 40,000 கன மீட்டர். சுவர்ப் பரப்பு சுமார் 13,300 சதுர மீட்டர்.

புதிய தோட்டம்: உயரம் 3 மீ, அகலம் 1 மீ, இடைவெளி 3.5 மீ. கனஅளவு சுமார் 8,600. சுவர்ப் பரப்பு சுமார் 17,100.

கவனித்தீர்களா? முதல் ஃபார்முலா பழைய தோட்டத்துக்கு நாலரை மடங்குக்கு மேல் மருந்து கேட்கிறது. இரண்டாவது, புதிய தோட்டத்துக்குத்தான் கிட்டத்தட்ட 30% கூடுதலாகக் கேட்கிறது. அளவு மட்டுமல்ல, திசையே மாறிவிட்டது!

இரண்டிலுமே ஓட்டை இருக்கிறது. பெரிய மரத்தின் நடுவில் நிழல் விழுந்து இலை குறைவாக இருக்கும். கனஅளவு அந்த வெற்றிடத்தையும் இலையாக எண்ணிவிடுகிறது. சுவர்ப் பரப்போ அகலத்தையே பார்ப்பதில்லை. 1 மீட்டர் தடிமனும் 3 மீட்டர் தடிமனும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்குமே அடர்த்தி தெரியாது. மொட்டு விடும்போதும் கோடையில் இலை மூடியபோதும் மரத்தின் உயரம் ஏறத்தாழ அதேதான். இலையோ பல மடங்கு வித்தியாசம். இங்கிலாந்தில் வாக்லேட், கிராஸ் போன்ற ஆய்வாளர்கள் லைடாரை வைத்து மரங்களை அளந்தது இந்த அடர்த்தியைப் பிடிக்கத்தான்.

அப்போ இலை குறைவாக இருக்கும் வசந்தத்தில் டோஸைக் குறைத்துவிடலாமே? இங்கேதான் நான் தயங்குகிறேன். ஆப்பிளின் பெரிய எதிரியான ஸ்கேப் பூஞ்சை, போன வருடம் உதிர்ந்த இலைகளிலிருந்து கிளம்பி இளந்தளிரைத் தாக்குவதும் அதே சமயத்தில்தான். அதோடு இலை குறைந்தால் ஸ்பிரேயர் ஊதும் மருந்தில் நிறைய மரத்தின் ஊடாகவே வெளியேறிவிடும். இலைக்குத் தேவை குறைந்தாலும், அடிக்க வேண்டியது அதே விகிதத்தில் குறையாது.

இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து சுவிட்சர்லாந்துதான். அங்கே லேபிள் டோஸ் 10,000 கன மீட்டர் தோட்டத்துக்கானது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். கனஅளவு பாதியானால் டோஸ் பாதியாவதில்லை. சுமார் 75% வரைதான் இறங்குகிறது. ஃபார்முலாவில் ஒரு நிலையான பகுதி இருப்பதே காரணம். கனஅளவின் குறைகள் இதிலும் உண்டு, ஆனால் நேர்மையான குறைகள்.

ஹெக்டேர் கணக்கே வேண்டாம், தண்ணீர்க் கணக்கு போதாதா என்று கேட்கலாம். நம்ம இமாச்சல் தோட்டங்களில் அப்படித்தான்: 200 லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு மருந்து. கன் வைத்து இலை நனைந்து சொட்டும்வரை அடித்தால், பெரிய மரம் தானாகவே அதிகம் வாங்கிக்கொள்ளும். எளிமையான, நல்ல முறை. ஆனால் குறைந்த தண்ணீரில் ஊதும் ஸ்பிரேயர் வந்ததும் கலவையைக் கெட்டியாக்க வேண்டும். எத்தனை மடங்கு? மறுபடியும் "மரம் எவ்வளவு பெரிசு?" என்ற இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

என் விமர்சனம் ஃபார்முலாக்கள் மீது அல்ல. எல்லா ஃபார்முலாவும் தோராயம்தான். மரத்தின் அளவைச் சொல்லாத லேபிள் மீதுதான். ஏதோ ஒரு தோட்டத்தில் சோதித்துத்தான் அந்த எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரங்களின் உயரம், அகலம், இடைவெளி மூன்றையும் லேபிளில் போட்டால் ஒரு வரிகூட ஆகாது. போடாவிட்டால் ஊகிக்க வேண்டியவர் விவசாயி. ஊகம் தப்பினால் புள்ளி விழுந்த பழத்தோடு சந்தையில் நிற்பவரும் அவர்தான்.