செய்முறை அறியா வாசிப்பு: லின்னேயஸ் டிரைப்பின் தஞ்சை, மதுரை ஒளிப்படங்களை முன்வைத்து

காலனியக் கால ஒளிப்படங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வுகள் தமிழில் பெருகிவருகின்றன. அவற்றில் அடிக்கடி எடுத்தாளப்படுபவை, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த கோயிற்படங்கள். ஆளரவமற்ற பிரகாரங்கள், வெறுமையான வானம், வழிபடுவோர் இல்லாத மண்டபங்கள் ஆகியவற்றைக் கண்டவுடன், வாழும் கோயிலைத் தொல்பொருளாக மாற்றும் காலனியப் பார்வை இது என்று முடிவு கட்டுதல் இன்று வழக்கமாகிவிட்டது. முடிவு தவறு என்று சொல்வதற்கில்லை. அதற்கு வந்து சேரும் வழி அவசரமானது.

டிரைப் பெரிதும் பயன்படுத்தியது மெழுகுத்தாள் நெகட்டிவ் முறை. குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட இம்முறையில், மெல்லிய தாளை முதலில் மெழுகில் ஊறவைத்து, பின்னர் அயோடைடு கரைசலில் தோய்த்து உலர்த்தி, சில்வர் நைட்ரேட்டால் ஒளியுணர்வு ஊட்டுவர். உலர்ந்த தாளைச் சில நாள்கள் வைத்திருந்து பயன்படுத்தலாம். காலிக் அமிலத்தில் உருத்துலக்குவதையும் தங்குமிடம் திரும்பிய பின் செய்துகொள்ளலாம். அதே 1851இல் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரக் கொல்லோடியன் முறை இதைவிட விரைவானது. எனினும் கண்ணாடித் தகடு ஈரம் காயுமுன் படமெடுத்து உருத்துலக்கியாக வேண்டும். இருட்டுக் கூடாரமும் கூடவே வரவேண்டும். ஈதர் நொடியில் ஆவியாகும் தென்னிந்திய வெயிலில், மாட்டுவண்டிப் பயணத்துக்குத் தாளே உகந்தது என்பது விளங்கும். படத்தை உருப்பெருக்கி அச்சிடும் வசதி அன்று நடைமுறையில் இல்லை. நெகட்டிவை உப்புத்தாளின் மீதோ அல்புமின் தாளின் மீதோ வைத்து வெயிலில் காட்டியே அச்செடுத்தனர். படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவும், அதற்கேற்ற கருவியும் வேண்டும். டிரைப்பின் நெகட்டிவ் ஏறத்தாழ 12 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் கொண்டது.

ஓலைச்சுவடி பதிப்பித்தோர்க்கு ஒன்று நன்கு தெரியும். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் புள்ளி இடப்படுவதில்லை. சுவடியில் புள்ளி இல்லை என்பதால் மொழியில் மெய்யெழுத்து இல்லை என்று எந்தப் பதிப்பாசிரியரும் கருதியதில்லை. எழுதுபொருளின் இயல்பை அறிந்த பின்னரே எழுதப்பட்டதை வாசித்தனர். இந்த ஒழுங்கு ஒளிப்பட வாசிப்பிற்கு இன்னும் வந்து சேரவில்லை.

மெழுகுத்தாளுக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவை. அந்நேரத்தில் பிரகாரத்தில் நடந்து சென்றவர் தாளில் தடமின்றி மறைவார். அசையாது நின்றவர் மட்டுமே பதிவார். அத்தாள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும் என்பதால் நீலவானம் வெள்ளையாக வெளிறிவிடும். கோயில் மதிலின் காவிப்பட்டை கருமையாகும். மாநிறம் உள்ளதைவிடக் கறுத்துத் தோன்றும். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ போன்ற இனவரைவியல் தொகுப்புகளின் முகங்களைத் தோல்நிறம் பற்றிய சான்றாக எடுத்தாள்வோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வேதியியலைச் சொல்லி டிரைப்பை முழுவதும் விடுவிக்கவும் இயலாது. வெளிறிய வானம் அவருக்கு உவப்பாக இல்லை. தம் நெகட்டிவ்களில் மேகங்களை வண்ணத்தால் தீட்டினார், இலைத்தொகுதிகளையும் திருத்தினார். மேகத்தைச் சேர்க்க முனைந்த அவர், மனிதரைச் சில நிமிடம் நிற்கச் சொல்லவும் முடிந்திருக்கும். பெரும்பாலும் அவர் அதைச் செய்யவில்லை. காலனியப் பார்வை பற்றிய விமர்சனம் நிலைகொள்ள வேண்டிய இடம் இதுவே: செய்முறை கட்டாயப்படுத்திய வெறுமைக்கும் கலைஞர் தேர்ந்துகொண்ட வெறுமைக்கும் இடைப்பட்ட எல்லை.

அந்த எல்லையை நூலறிவால் மட்டும் வரைவது கடினம். உப்புநீரில் நனைத்து உலர்த்திய தாளில் சில்வர் நைட்ரேட் பூசி, ஓர் இலையை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டி, ஹைப்போவில் நிலைப்படுத்திப் பார்த்தவருக்கு டால்பட்டின் 1830களின் சோதனைகள் வேறுவிதமாகப் புரியும். ஒளியுணர்வு எந்த நிறத்துக்கு, எவ்வளவு நேரத்தில் என்பது அப்போது தெளிவாகும். வெள்ளி உப்பின் விலை தடையானால், ஹெர்ஷல் 1842இல் கண்ட நீல அச்சு முறையில் தொடங்கலாம். அதற்கு இரும்பு உப்புகளும் தண்ணீரும் போதும். துருத்தி பொருத்திய பெருவடிவக் கருவியின் தேய்த்த கண்ணாடியில் கோபுரம் தலைகீழாகத் தெரியும். கருவியை அண்ணாத்தினால் கோபுரம் மேலே குறுகிச் சாய்வதையும், வில்லைப் பலகையை மட்டும் உயர்த்தினால் நேர்நிற்பதையும் அங்கே கண்டவர், மதுரைக் கோபுரப் படங்களின் நிமிர்வை இயற்கையானது என்று கொள்ளமாட்டார். இதழியல், காட்சித் தொடர்பியல் பாடத்திட்டங்களில் இதற்கு இடம் குறைவு. தமிழ்த்துறைகளில் அறவே இல்லை.

இக்குறையின் விளைவு மிகக் கூர்மையாகத் தென்படுவது தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுப் படத்தில். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளை டிரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஓரிடத்தில் நின்று சுழன்று எடுத்த அகலக்காட்சி அன்று இது. சுவரை ஒட்டி நகர்ந்து எடுத்தது. எந்த மனிதக் கண்ணும் ஒரே பார்வையில் காணாத ஒரு சுவரை அது உண்டாக்குகிறது. ஹுல்ச் இக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891இல். அவற்றின் வாசகத்துக்கு முற்பட்ட காட்சிப் பதிவு என்ற வகையில் இப்படத்தின் மதிப்பு பெரிது. இன்றைய கல்லோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட 160 ஆண்டுகளில் சிதைந்த எழுத்துகளைக் கணக்கிட அது உதவக்கூடும்.

அதிலேதான் இடரும் உள்ளது. கல்லில் படிந்த செம்பழுப்புக் கறை நீலம் மட்டுமே உணரும் நெகட்டிவில் இருளாகப் பதிந்து, அங்கே வெட்டிய எழுத்தை விழுங்கிவிடும். நிழலான பகுதியிலோ வானின் நீல ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றுபோல வெளுக்கச் செய்து ஆழமற்ற வெட்டை மங்கலாக்கும். இரு அச்சுகள் ஒட்டப்பட்ட விளிம்பில் ஓர் எழுத்தின் கால் மறைந்திருக்கலாம். 1858இன் படத்தில் காணாத எழுத்து அன்றே கல்லில் அழிந்திருந்ததா, தாளிலோ தகட்டிலோ பதியாமல் போனதா என்பதை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மைப்படியை அருகில் வைத்து ஒப்பிடாமல், படத்தை மட்டும் கொண்டு சிதைவுப் பட்டியல் ஆயத்தம் செய்வது ஏற்கத்தக்கதன்று.