கோரை கீறும் கை

பாய் பார்க்கத் தெரிந்தவர் அதைக் கையில் வாங்கியதும் திருப்பிப் போடுவார். முன்பக்கம் எல்லாப் பாயும் அழகுதான். கடை விளக்கு வெளிச்சத்தில் பளபளக்காத பாய் எது? நெய்தவரின் கை பின்பக்கத்தில்தான் தெரியும். முடிச்சு ஏதாவது துருத்திக்கொண்டு நிற்கிறதா, ஓரத்தில் பாவு நூல் தளர்ந்திருக்கிறதா, ஒரு கோரைக்கும் அடுத்த கோரைக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு உள்ளங்கையை நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை ஓட்டுவார். கடைசியாகக் கொஞ்சம் துணிச்சல் இருந்தால், வேட்டியை மடிப்பதுபோல் பாயை நான்காக மடித்துவிடுவார். சாதாரணக் கோரைப்பாய் என்றால் மடித்த இடத்தில் முறிந்துவிடும். முறியாமல் துணிபோலக் கையில் அடங்கினால், அது பத்தமடைப் பட்டுப்பாய்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் இப்படிப் பாயைச் சோதித்துப் பார்க்க வேளை வருவது கல்யாண சீசனில்தான். போஸ்டல் காலனியிலோ ஆரிய கவுடா சாலைப் பக்கமோ எந்த வீட்டில் சீர் லிஸ்ட் எழுத உட்கார்ந்தாலும், வெள்ளிப் பாத்திரத்துக்கும் பட்சணத்துக்கும் நடுவே ‘பாய், தலையணை, ஜமக்காளம்’ என்று ஒரு வரி இருக்கும். நலங்குக்குப் பெண்ணும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்ட ஒரு பாய் வேண்டும். புடவைக்குக் காஞ்சிபுரம் வரை போய், பார்டரின் அகலத்துக்காக ஒரு பகல் முழுக்க வாதாடுகிற குடும்பம், பாய்க்கு மட்டும் முதல் நாள் சாயங்காலம் யாராவது ஒரு சித்தப்பாவை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ரங்கநாதன் தெருவுக்கு அனுப்பும். அவரும் பாலிதீன் உறை பிரிக்காத பிளாஸ்டிக் பாய் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேருவார்.

இத்தனைக்கும் கோரைக்கு இது அந்நியமான இடம் இல்லை. 1920களில் தியாகராய நகரை எழுப்புவதற்காக வற்றவைத்துத் தூர்த்த நீண்ட ஏரியை ஒட்டியதுதான் மாம்பலம். மேற்கு மாம்பலத்தில் அந்தத் தண்ணீருக்கு இப்போது லேக் வியூ ரோடு என்ற பெயர்தான் மிச்சம். ஈரம் கண்ட இடத்தில் வேர்விடும் செடி கோரை. அந்த ஏரிக்கரையில் அது இல்லாமல் இருந்திருக்காது. தண்ணீர் போனது, கோரையும் போனது. கோரையை வைத்துப் பெரிய கலையே செய்த ஊர் தெற்கே தாமிரபரணிக் கரைப் பக்கம் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகும் வழியில் வருவது பத்தமடை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர். பாய் நெசவு இங்கே லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் பரம்பரைத் தொழில். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1953-இல் முடிசூடிய எலிசபெத் ராணிக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2012-13-இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராணியும் குறியீடும் இருக்கட்டும். இந்தப் பாயை ரசிக்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தறியைக்கூட இல்லை. கோரை கீறுகிற இடத்தை.

ஒரு கோரைத் தண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருளாது. அதற்கு மூன்று விளிம்பு உண்டு. வெளியே வழவழப்பான பச்சைத் தோல். உள்ளே வெள்ளைத் தக்கை. பாய்க்கு வலுவும் பளபளப்பும் தருவது தோல்தான்; தக்கை தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் நொறுங்கும். ஆகவே தண்டை நெடுக்கில் பிளந்து, தோலோடு எவ்வளவு தக்கை ஒட்டியிருக்கலாம் என்று விரலால் கணக்குப் பார்க்க வேண்டும். சாதாரணப் பாய்க்கு இரண்டாகவோ மூன்றாகவோ கீறினால் போதும். பட்டுப்பாய்க்கு அதைத் திரும்பத் திரும்பப் பிளக்கிறார்கள். கத்தி தொடக்கத்தில் ஒரு வாய் வைத்துக் கொடுக்கும். அதற்கப்புறம் போகிற பாதை கட்டைவிரலுடையது. பிளவு ஒரு பக்கம் ஒதுங்கப் பார்த்தால் எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் வளைத்து இழுத்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கண் இதற்குப் பெரிதாக உதவாது. நார் எங்கே தளர்கிறது, எங்கே இறுகுகிறது என்பது நகக்கண்ணுக்கு அடியில் தெரிய வேண்டும். ஒரு முழத்துக்கு ஒழுங்காக வந்த இழை கடைசி விரற்கடையில் அறுந்தால் அந்தத் தண்டு வீண்.

கீறிக் காயவைத்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தேங்கிய தண்ணீர் உதவாது. அழுகிய வாடையும் கறையும் ஏறிவிடும். ஊறி உப்பியதை எடுத்து மறுபடி காயவைப்பார்கள். வெயில் அதிகமானால் கோரை சுள்ளியாகிவிடும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். இந்த ஊறலிலும் உலர்த்தலிலும்தான் இழைக்கு வளைகிற குணம் வருகிறது. பாயை நான்காக மடித்தோமே, அது முறியாமல் தப்பியது இங்கேதான். நெசவு பிறகு செய்வதெல்லாம் இந்தக் குணத்தைக் கெடுக்காமல் காப்பது.

தறி என்றதும் காஞ்சிபுரத்துக் குழித்தறியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையில் அடித்த முளைகள், அவற்றில் கட்டிய இரண்டு மூங்கில்கள், நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய பாவு நூல், அவ்வளவுதான். பட்டுப்பாய்க்குப் பட்டு நூலோ 100 நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய பருத்தி நூலோ பாவாகும். அச்சு என்பது வரிசையாகத் துளையிட்ட ஒரு மரச்சட்டம். நூல் ஒவ்வொன்றும் ஒரு துளை வழியாகப் போகும். சட்டத்தை முன்னே சாய்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று நூல்கள் எழும்பும்; பின்னே சாய்த்தால் மற்றவை எழும்பும். விழுகிற இடைவெளியில் நீண்ட குச்சியால் கோரையை ஒரு பெண் கோத்து அனுப்புவார். இன்னொருவர் அச்சை இழுத்து அடித்து அதை முந்தின கோரையோடு சேர்த்து நெருக்குவார். நெய்து முடிந்த பாகத்துக்கு மேல் போட்ட பலகையில் உட்கார்ந்து, பாய் நீள நீள ஆளும் நகர்ந்து போக வேண்டும்.

இங்கே செடியின் இயல்பு மறுபடி குறுக்கே வருகிறது. கோரையின் அடி தடிமன், நுனி மெலிவு. எல்லா அடியும் ஒரே பக்கம் விழுந்தால் பாய் ஒரு பக்கம் மேடாகிக் கோணிவிடும். அதனால் ஒரு கோரைக்கு அடி இடப்பக்கம் என்றால் அடுத்ததற்கு வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோப்பார்கள். பாயின் அகலத்தை நிர்ணயிப்பதும் கோரைதான். தண்டு வளர்ந்த உயரத்தை மீறி அகலம் கேட்டால் நடுவில் ஒட்டுப் போட வேண்டும். நூல் நெசவாளி விரும்பிய நீளத்துக்கு நூலை முறுக்கிக்கொள்ளலாம். பாய் நெசவாளி ஆறு கொடுத்த அளவுக்குள்தான் தன் கற்பனையைக் காட்டியாக வேண்டும்.

கல்யாணப் பாயில் அந்தக் கற்பனை நன்றாகத் தெரியும். சாயம் தோய்த்த கோரையால் இரு தலைப்பிலும் கரை; நடுவில் மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும், எழுதாமல் நெய்தே. நெசவு நெடுக்கும் குறுக்குமாகத்தான் போகும். வளைவு அதற்குப் பிடிக்காத வேலை. நம் எழுத்தோ வளைவே உருவானது. ‘ஜ’வின் சுழியையும் ‘ணை’யின் கொம்பையும் படிப்படியாக ஏற்றி இறக்கி, தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டையாகத் தெரியும்படி செய்கிறார்கள். ஒரு கோரை தப்பினாலும் ‘ர’ காலாகிவிடும். மாம்பலத்து நலங்கில் உட்காரப்போகிற ஒரு ஜானகியின் பெயரைப் பத்தமடையில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் இழை இழையாக எண்ணிக் கோக்கிறார். இதை யாரும் மேடையேறி நல்லிணக்கம் என்று சொல்வதில்லை. அந்த ஊரில் அது ஆர்டர்.

இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள நகரத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஆசை வந்திருக்கிறது, நல்ல விஷயம். 1996-இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஓலை முடைவதையும் கூடை பின்னுவதையும் கைவினைஞர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் கற்க வருகிறவர் கேட்பது பெரும்பாலும் தறியை, கையோடு வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பொருளை. பரம்பரையாகச் செய்கிறவர்களின் பாடம் வேறு இடத்தில் தொடங்குகிறது: எப்போது அறுப்பது, எதை விட்டுவைப்பது, எவ்வளவு ஊறவைப்பது. இது பத்தமடைக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. தாமிரபரணி இறங்கி வரும் பொதிகை மலையில் காணிக்காரப் பழங்குடியினர் இருக்கிறார்கள். கூடையும் தட்டியும் முடைகிற கைகளுக்குக் காட்டு நாணலின் முற்றலும் இளசும் தொட்டாலே தெரியும். மலைத்தொடரில் வடக்கே இடுக்கிப் பக்கம் போனால் ஊராளி, மன்னான், முதுவான் மக்கள் முடையும் கண்ணாடிப்பாய். மெல்லிய நாணல் மூங்கிலின் உட்பகுதியைச் சீவி எடுத்து, தறியே இல்லாமல் கையாலேயே முடைவது. பார்க்கிற கோணம் மாறும்போது அதன் கட்டங்களில் ஒளியும் மாறும். அதற்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கேயும் சீவல் சரியாக வந்தால்தான் முடைதல்.

கடல் கடந்தும் இந்தப் பாடம் உண்டு. கோரையின் உறவுக்காரச் செடி ஒன்று தென் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆறு கடலில் கலக்கும் பகுதியில் வளர்கிறது. அங்குள்ள நாரின்ஜெரி பழங்குடியினர் அதைக் கத்தை கத்தையாகச் சுருட்டித் தைத்துக் கூடைகளும் விலாங்கு பிடிக்கும் பொறிகளும் செய்து வந்தார்கள். குடியேற்றத்துக்குப் பின் அந்த வித்தை கிட்டத்தட்ட நின்றுபோனது. 1982-இல் டோரதி கார்ட்டின்யேரி என்ற மூதாட்டி நடத்திய பட்டறையில் அதைக் கற்றவர் இவோன் கூல்மட்ரி. 1997-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் இடம்பெற்ற மூன்று பெண்களில் அவர் ஒருவர். பட்டறை பயன்படாது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அவர்தான் சாட்சி. ஆனால் அவர் பட்டறையோடு நின்றுவிடவில்லை. செடி நிற்கிற கரைக்குப் போனார். ஆண்டுக்கணக்கில் அதே புல்லோடு புழங்கினார்.

பத்தமடையில் இன்று செய்வதெல்லாம் மெச்சத் தகுந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். முன்பு சிவப்புக்குச் சப்பங்கக் கட்டை வேகவைப்பார்கள். அந்தச் சிவப்பு கோரையின் வெளிர் மஞ்சளோடு ஒத்துப்போகும். இப்போதைய ரசாயன ரோஸும் கிளிப்பச்சையும் பல பாய்களில் கோரையை அமுக்கிவிடுகின்றன. ஃபைல் உறை, கைப்பை என்று வெட்டித் தைத்து விற்பதில் பிழைப்பு இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறடிக்கு அறுபடாமல் ஓடுகிற நெசவின் கம்பீரம் ஒரு சாண் துண்டில் வராது. தினம் விரித்துப் படுக்க வந்தவாசிக் கோரைப்பாய் போதும், அது நல்ல பாய், நம் பைக்கும் கட்டுப்படியாகும். பட்டுப்பாய் வேறு ஜாதி. அதைக் கோரைப்பாய் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவர், கீறிய விரலுக்குக் கூலி இல்லை என்று சொல்கிறார்.

வாங்கினால் பராமரிப்பு சுலபம். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், தண்ணீரில் முக்காதீர்கள். மடிக்க முடியும் என்பதற்காக மடித்தே வைக்க வேண்டாம், சுருட்டி நிறுத்துங்கள். ஐப்பசி அடைமழையில் சுவரோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சென்னை ஈரத்தில் பூசணம் சீக்கிரம் வரும். சித்திரை மத்தியானத்தில் டைல்ஸ் தரையில் விரித்து ஃபேனுக்குக் கீழே படுத்தால் மற்றது புரியும்.

வீட்டில் கல்யாணம் வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நல்ல பட்டுப்பாய் ஒன்றை நெய்ய வாரக்கணக்கில் ஆகும். பெயர் போட்டால் இன்னும் கூடும். முதல் நாள் சாயங்காலம் ஓடினால் கிடைக்காது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற அன்றைக்கே பாய்க்கும் சொல்லிவிடுங்கள். பெயர்களைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள், சொல்கிற விலையைக் கொடுங்கள். வந்ததும் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.