சூலை தந்த தோழமை

மன்னார்த் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையில், பாலாவியின் மருங்கே விளங்குவது திருக்கேதீச்சரம். அத்தலத்துக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய பதிகம், அடியார் உடலில் உற்ற நோய்களை ஒழிப்பவன் என்று இறைவனைப் போற்றுகின்றது. மரக்கலம் மலிந்த மாதோட்டக் கடலைக் கூறும் பாட்டிலேயே நோயும் பேசப்படுதல் கருதத்தக்கது. சேரமான் பெருமாளோடு இராமேச்சுரம் சென்ற காலத்தில், அங்கிருந்தே சுந்தரர் இதனைப் பாடினார் என்பது சேக்கிழார் வாக்கு. நோய் தீர்தல் சுந்தரர்க்குக் கேட்டறிந்த செய்தியன்று. அதற்கு முன்னரே, பிறரொருவரின் நோய்வழியாக அவர் நண்பரொருவரைப் பெற்றிருந்தார்.

அந்நண்பர் திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர். பரவையாரின் ஊடல் தீர்க்க இறைவனையே தூது விடுத்தார் என்று கேட்டு, முன்பின் கண்டிராத சுந்தரர்மேல் பெருஞ்சினம் கொண்டவர். இறைவன் அவர்க்குச் சூலை நோயைத் தந்து, வன்றொண்டன் வந்தாலன்றி அது நீங்காது என்றருளினான். அவர் கையாற் பிழைத்தலினும் மாய்தலே நன்றெனத் துணிந்த கலிக்காமர், சுந்தரர் வருமுன்னரே உடைவாளால் உயிர் துறந்தார்.

திருப்புன்கூர்ப் பதிகத்திலே சுந்தரர், ஏயர்கோனுற்ற பெரும்பிணி தவிர்க்கப்பட்டதை மட்டுமே குறிக்கின்றார். பகையும் வாளும் மனைவியும் அங்கில்லை. அவற்றை விரித்துக் காட்டியவர் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார்.

மாண்டவர் மீண்ட அற்புதமே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பர் பலர். அஃது அத்துணைப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. கலிக்காமர் எழுமுன்னரே நட்பு பிறந்துவிட்டது. அதனைப் பிறப்பித்தவர் அவர் மனைவியார். மானக்கஞ்சாற நாயனாரின் மகளாகிய இவ்வம்மையார், மணநாளன்றே தம் கூந்தலைத் தந்தையார் மாவிரதியார் ஒருவர்க்கு அரிந்து கொடுக்கக் கண்டவர். இன்றோ கணவரோடு தாமும் உயிர்நீங்க எண்ணுகின்றார். அவ்வேளையிற் சுந்தரர் வரவு தெரிகின்றது. கணவர் வெறுத்த அம்மனிதரை அவர் கடிந்தாரல்லர். ஒருவரும் அழற்க எனச் சுற்றத்தாரைத் தடுத்து, வரவேற்புக்கு ஆவன செய்வித்து, தீங்கொன்றுமில்லை, உள்ளே துயில்கின்றார் என ஏவலரைச் சொல்லச் செய்கின்றார். இது பொய்யே. ஆயினும் இறந்தவர் வீட்டில் விருந்தினர் மனம் நோவாமைப் பொருட்டுச் சொல்லிய பொய்.

அவ்விடையோடு சுந்தரர் மீண்டிருத்தல் கூடும். பகைத்தவர் நலமே என்றால் கடமை தீர்ந்ததன்றோ? தீங்கில்லை என்ற பின்னும் மனந் தெளியாது, கண்டே ஆகவேண்டும் என்கின்றார். கண்டதும் தாமும் அவ்வாறே மாய்வதற்குக் கருவியைப் பற்றுகின்றார். ஒருமுறையும் முகங்கண்டு பேசாத ஒருவர்க்காக உயிரை விடத் துணிந்த இடம் இது. இறைவனருளால் எழுந்த கலிக்காமர் அக்கையைப் பிடித்துத் தடுத்ததும், இருவரும் ஒருவர் அடியில் ஒருவர் வீழ்ந்து தழுவியதும், பின்னர்த் திருப்புன்கூருக்கு ஒருங்கே சென்றதும் அத்துணிவின் பயன்களே.

ஒரு குறை மட்டும் உண்டு. கணவர் உயிர்பெற்றபின் அவ்வம்மையாரைச் சேக்கிழார் மறந்துவிட்டார் போலும். நண்பர் இருவரும் திருப்புன்கூருக்குப் புறப்படும்போது அவர் எங்கு நின்றார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.