வாசலுக்கு வரும் மருத்துவமும் வீட்டுக்குள் ஆகும் செலவும்

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடுவதால், கரை நாடாவைக் கவனிக்கத் தறியில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அது மனைவியோ மகளோதான். அப்படிப்பட்ட வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துணை ஆள் எழுந்தால் தறி நிற்கும். சேலைக் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு நின்ற தறிக்குக் கூலி கிடையாது. பராமரிப்பில் ஆகும் பெருஞ்செலவு இதுதான், ஆனால் இது எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இந்த வீட்டிலிருந்து பார்த்தால்தான் அதன் பலமும் குறையும் விளங்கும். ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, வலித்தணிப்புப் பராமரிப்பு, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான திரவப் பைகள் எல்லாம் இலவசமாக வீட்டுக்கே வருகின்றன. மாத்திரைக்காக அரை நாள் வரிசையில் நின்று கூலியை இழக்க வேண்டியதில்லை. கொண்டு வருபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த, ஊர் அறிந்த பெண்கள் என்பதால் கதவு தயக்கமின்றித் திறக்கிறது. 2024-இல் இத்திட்டத்துக்குக் கிடைத்த ஐ.நா. விருது தகுதியானதே.

ஆனால் திட்டம் நோயைப் பார்க்கும் அளவுக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைப் பார்ப்பதில்லை. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் புரட்டுவதும் யாருடைய பணிப்பட்டியலிலும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம் அது. என்றாலும் அதன் பெரும்பகுதி மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் நாட்களுக்குத்தான். வீடு திரும்பிய பின் கட்டிலும் டயப்பரும் உதவியாளர் சம்பளமும் குடும்பத்தின் பாடு. முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். அதாவது ஒரு நாளைக்கு 40 ரூபாய். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று வாங்கவே அது சரியாகிவிடும்.

இருக்கும் உதவிகளும் சிதறிக் கிடக்கின்றன. முதியோர் ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம், கூட்டுறவுச் சங்க நெசவாளர் ஓய்வூதியத்துக்குக் கைத்தறித் துறை, காப்பீட்டு அட்டைக்கு ஆட்சியர் அலுவலகம். பக்கவாதத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளிச் சான்று பெற்றால், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பக்கவாதத்தை முதுமையின் நோயாக மட்டுமே பார்க்கும் குடும்பத்துக்கு அந்த வழி இருப்பதே தெரியாது.

பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, அரசு எதற்கு என்பவர்கள் உண்டு. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர வழி செய்கிறது. மனமில்லாத பிள்ளைக்கு அந்தச் சட்டம் சரி. மனமிருந்தும் கையில் காசில்லாத பிள்ளைக்கு அதில் தீர்வில்லை.

ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று அளந்து தரம் பிரித்து, என்னென்ன சேவை, என்ன செலவு என்று குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டமிட ஒரு பராமரிப்பு மேலாளரையும் தருகிறது. சந்தா வசூலித்து நடத்தும் அந்த ஏற்பாடு முழுவதையும், கூலி நிலையில்லாத நம் ஊரில் உடனே கொண்டுவர முடியாது. அந்த மேலாளரின் வேலையை மட்டும் இன்றே தொடங்கலாம். மாத்திரைப் பையோடு வரும் தன்னார்வலருக்குப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் கொடுத்து, எந்த உதவிக்கு எங்கே எழுத வேண்டும் என்று சொல்லி, அந்த வீட்டிலேயே மனு எழுதித்தரவைக்க வேண்டும். படுத்த படுக்கையான முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கு, இழந்த கூலியில் ஒரு பங்கையாவது அரசு ஈடுகட்ட வேண்டும். இந்த இரண்டும் சேராதவரை, திட்டம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. அந்தப் பாதியை நன்றாகச் செய்திருப்பதால்தான் மீதியையும் அதனிடமே கேட்கிறோம்.