சுவிசேஷ இலக்கியமும் தஞ்சைச் சாஸ்திரியாரும்

சுவிசேஷம் என்ற பதம் காதில் விழுந்த மாத்திரத்தில், தெருமுனை ஒலிபெருக்கிப் பிரசாரத்தையும் அமெரிக்கத் தேர்தல் அரசியலையும் மட்டும் நினைத்துக்கொண்டு, அதற்கென்று தமிழில் ஓர் இலக்கியம் உண்டாகவே இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் நம் விமரிசகரிடையே வேரூன்றி வருகிறது. பெங்களூரில், மல்லேஸ்வரத்துக்கு அருகே தமிழர் தலைமுறைகளாக நெருங்கி வாழும் இந்த ஸ்ரீராம்புரத்தில்கூட, ரசனையுள்ள நண்பர்கள் இந்த அபிப்பிராயத்தை ஐயமின்றி எடுத்துரைக்கிறார்கள். சரித்திரம் இதற்கு இடங்கொடுக்கவில்லை.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதும், பின்வந்த பப்ரிசியஸ் அப்பணியை மெருகேற்றியதும் யாவரும் அறிந்தவை. அந்த ஜெர்மானியருக்குச் 'சுவிசேஷ சபை' என்பது லுத்தரின் சீர்திருத்தத்தைத் தழுவிய சபை என்ற பொருளையே தந்தது. 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரில் அப்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆங்கிலேய மிஷன்களோ, உள்ளத்தின் மாற்றத்தையும் வேத வாசிப்பையும் ஊழியத்தையும் வற்புறுத்தும் வேறொரு பொருளை அதற்கு ஏற்றின.

இவ்விரு பொருள்களும் தமிழ் மண்ணில் உயிர்பெற்றது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம் (1774-1864). மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு என்பதே நம் அலட்சியத்துக்குச் சான்று. ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற இந்த மகாகவி, 1800-ஆம் ஆண்டளவில் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில், தலைவனைக் கண்டு காதல்கொண்ட தலைவி, குறி சொல்லும் குறத்தி, அவளைத் தேடி வரும் சிங்கன் என்ற பழகிய கட்டுக்கோப்பு முழுவதையும் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்குமுள்ள பிரேமையைப் பாடுவதற்கு ஏற்றுக்கொண்டதோடு, சூரியனைப் பூமி சுற்றிவருகிறது என்ற கோப்பர்நிக்கஸின் வானியலையும் புதிய பூகோளத்தையும் அதிலேயே சரளமாக இசைத்தார். அயல்நாட்டுச் செய்தி அயலார் நடையில்தான் வரும் என்பார்க்கு இதைவிடத் தக்க மறுப்பு வேண்டுவதில்லை. அவருடைய கீர்த்தனைகள் இராக தாளங்களோடு ஆலயத்திலும் இல்லத்திலும் பரவின. சபையில் ஜாதி வேற்றுமைகளைக் காக்க அவர் வாதாடியது அவர் பெயருக்கு மாறாத களங்கம். சுவிசேஷத்துக்கே அது விரோதமானது என்று புதிய மிஷனரிமார் சொன்னது நியாயமே. ஆயினும் அவர்களுள் பலர் கீர்த்தனைகளின் அருமையை உணராது போனது பெரும் நஷ்டம்.

அவருக்குப்பின், வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பனின் வழியில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியமாக 1894-இல் வெளியிட்டார். கம்பீரமும் பக்திப் பெருக்கும் நிறைந்த அந்நூலைப் புலவர்கள் போற்றினர். எனினும் சாமானியரின் நாவில் அது ஏறவில்லை. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளோ எழுத்தறியாதவர் நாவிலும் ஏறின. ஒரு சமய இலக்கியத்தின் ஜீவசக்தியை அளக்க இதனினும் சிறந்த அளவுகோலை நான் அறியேன்.

இருபதாம் நூற்றாண்டில் சுவிசேஷம் என்ற பதம் ஸ்தாபனங்களின் அடையாளமாயிற்று. 1951-இல் இந்திய சுவிசேஷ ஐக்கியம் தோன்றியது. 1965-இல் நம் பெங்களூரிலேயே இந்திய சுவிசேஷ மிஷன் பிறந்து, இந்தியரே இந்தியரிடம் ஊழியம் செய்யவேண்டும் என்ற உயரிய நோக்கை மேற்கொண்டது. ஆனால் ஊழியம் விரிந்த அளவுக்கு இலக்கியம் வளரவில்லை. ஆங்கில மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை அவசரமாகத் திணித்த வறட்டுப் பல்லவிகள் பெருகின. குறவஞ்சியும் கீர்த்தனையும் கற்றுத்தந்த பாடத்தைச் சபைகள் மறந்தன. விமரிசகரின் தவறான முடிவுக்கு இம்மறதியும் ஒரு காரணம்.

ஆகவே, இப்பதத்தைச் செய்தித்தாளில் கற்றுக்கொண்ட நண்பர்கள், தீர்ப்புச் சொல்லுமுன் பெத்லகேம் குறவஞ்சியை ஒருமுறை படிக்கவேண்டும். இன்று பாட்டெழுதும் கிறிஸ்தவ இளைஞரோ அதைப் பலமுறை படிக்கவேண்டும். தமிழில் சுவிசேஷ இலக்கியம் மீண்டும் தழைப்பதற்குரிய வழி சாஸ்திரியாரின் வழியே.